அரை மருந்துத் தோட்டா

லார்ச் கிரீக், மொன்டானா
9 ஜூன் 1974

அன்புள்ள மேவிஸ்,

நீயும் டாக்னியும் நலம்தானே? நானும் நலம்தான். போன வாரம் தலைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். கிளை விழுந்த வேகத்துக்கு நான் பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொன்னார். மரம் வெட்டும் முகாமில் யாரும் என்னை நலம் விசாரிப்பதில்லை. "கிளைக்கு அடி பலமா?" என்றுதான் கேட்கிறார்கள். இன்னும் ரம்பத்தைத் தொட விடவில்லை, லாரிக் கணக்கு எழுதச் சொல்லி உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் நம் மகளுக்குப் பன்னிரண்டு வயது ஆகிறது. சட்டப்படி இனி அவள் மான் வேட்டைக்கு வரலாம். வருஷத்தில் இலையுதிர்காலத்து ஒரு வாரம் அவள் என்னிடம் இருக்கலாம் என்று நீதிபதி எழுதினாரே, அந்த வாரத்தில்தான் வேட்டைக் காலமும் தொடங்குகிறது. அந்த மனிதருக்கு வேட்டைப் பழக்கம் இல்லை போலிருக்கிறது, இருந்திருந்தால் எனக்கு வேறு வாரம் கொடுத்திருப்பார். டாக்னிக்கு முதல் துப்பாக்கியை நான் வாங்கப்போவதில்லை. செய்யப்போகிறேன்.

பக்கத்து வீட்டு ஹார்லன் தன்னுடைய பழைய குட்டைத் துப்பாக்கியைத் தருகிறேன் என்றான். அதன் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். குளிரில் விறைத்த சின்ன விரல் ஒருமுறை வழுக்கினால் போதும், குண்டு காலில் பாயும். வேண்டாம் என்றேன். கடைக்காரன் பெரிய ஆள் துப்பாக்கியை எடுத்துக் காட்டி, "வளர்ற புள்ளதானே, ரெண்டு வருஷத்துல சரியாப் போயிடும்" என்கிறான், செருப்பு விற்பது மாதிரி. பெரிய துப்பாக்கியிடம் தோளில் உதை வாங்கிய பிள்ளை அப்புறம் ஆயுள் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டுதான் சுடும். அப்படிப் பத்துப் பேரையாவது எனக்குத் தெரியும், அவர்களில் ஒருவன் ஹார்லன்.

கடைசியில் சுவீடன் ராணுவத்தின் பழைய துப்பாக்கி ஒன்றைப் பிடித்தேன். இரும்பு அருமையான இரும்பு. மெல்லிய குண்டு, உதை குறைவு. குழலை அறுத்துக் குட்டையாக்குவேன். தோளில் முட்டுக்கொடுக்கும் ராணுவக் கட்டையைக் கழற்றிவிட்டு வால்நட் மரத்தில் புதுக் கட்டை செதுக்குவேன்.

உன்னிடம் வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் கையை மடக்கச் சொல்லி, முழங்கையின் உள்மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை அளந்து எழுது. குளிர்கோட்டைப் போட்டுத்தான் அளக்க வேண்டும். பனியில் சட்டையோடு நின்று யாரும் சுடுவதில்லை.

அவளுக்கு என் முத்தம். உனக்கு வேண்டுமானால் உனக்கும்.

ஆரன்


ஸ்போகேன்
17 ஜூன் 1974

ஆரனுக்கு,

முத்தம் வந்து சேர்ந்தது. ஒன்றை டாக்னிக்குக் கொடுத்தேன், மற்றதைத் திருப்பி அனுப்புகிறேன்.

ஜூன் வெயிலில் கோட்டை மாட்டி அவளை அடுக்களையில் நிற்க வைத்தேன். "அம்மா, வேகுதும்மா, சீக்கிரம் அள!" என்று குதித்தாள். ஆனால் கோட்டைக் கழற்ற மட்டும் மனம் வரவில்லை. அதோடேயே கண்ணாடி முன் போய் நின்று, துடைப்பத்தைத் தோளில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. நீ அப்போது பார்த்திருக்க வேண்டும்.

அளவு பன்னிரண்டே கால் அங்குலம். இரண்டு தடவை அளந்தேன்.

வேட்டைக்கு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், பயப்படாதே. நம் இருவரில் முதல் மானைச் சுட்டது நான்தான் என்பதை நீ இன்றுவரை மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இங்கே பள்ளிக்கூடத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாலும் நான் அந்த மலையில் பிறந்தவள்தான். துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டேன். அங்கே அவள் ஒருத்திதான் பெண் பிள்ளை. முதல் நாளே ஒருவனைத் துப்பாக்கி முனையை எங்கே நீட்டுகிறாய் என்று அதட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

தலை எப்படி இருக்கிறது? ஹார்லன் மனைவி எழுதியிருந்தாள். அடுப்பில் காப்பிப் பாத்திரத்தை வைத்துவிட்டு நீ எங்கோ போய்விட்டாயாம், அது கருகிப்போய் வீடு முழுக்கப் புகையாம். எனக்கு ஏன் அதை எழுதவில்லை?

மேவிஸ்


லார்ச் கிரீக்
14 ஜூலை 1974

அன்புள்ள மேவிஸ்,

காப்பிப் பாத்திரம் எல்லார் வீட்டிலும் கருகும். ஹார்லன் மனைவிக்கு எழுத வேறு செய்தி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

துப்பாக்கி நன்றாக வந்துகொண்டிருக்கிறது. குழலை அறுத்து முனையைத் தேய்த்து முடித்தாகிவிட்டது. கட்டையைப் பன்னிரண்டே கால் அங்குலத்தில் அறுத்தேன். கைப்பிடியை எத்தனை மெல்லியதாக இழைத்திருக்கிறேன் என்றால், ஹார்லன் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதென்னய்யா, பொம்பள மணிக்கட்டு மாதிரி இருக்கு, எனக்குக் கூச்சமா இருக்கு" என்று கீழே வைத்துவிட்டான். தினமும் ஆளிவிதை எண்ணெய் தடவி உள்ளங்கையால் சூடு வரத் தேய்க்கிறேன். மரத்துக்குள் சிவப்பு ரேகை எழும்பி வருகிறது. விசையும் சரியான கனத்தில் இருக்கிறது. சின்ன விரலுக்கு இழுக்க முடியும், ஆனால் தவறிப் பட்டால் வெடிக்காது.

வேலை செய்யும்போது எனக்கு வேறு எதுவும் தோன்றுவதில்லை. நீ போனதுகூட.

ஒரு குறை. கையளவு அனுப்பச் சொல்லி எழுதினேனே, ஏன் இன்னும் அனுப்பவில்லை? கோட்டோடு அளக்க வேண்டும், மறக்காதே. அளவு இல்லாமல் நான் கட்டையை எப்படி அறுப்பது?

ஆரன்


ஸ்போகேன்
22 ஜூலை 1974

ஆரன்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் நீ விளையாடுகிறாய் என்று நினைத்தேன். பன்னிரண்டே கால் அங்குலத்தில் அறுத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறாய். அந்த அளவை அனுப்பியது நான். அதே தாளில் கீழே, அளவு ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். தயவுசெய்து டாக்டரிடம் போ. சும்மா தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பாமல், அளவு எழுதிய என் போன கடிதத்தையும் இதையும் அவரிடம் காட்டு.

இன்னொன்று கேட்க வேண்டும். அவளுக்குத் தோட்டா எங்கிருந்து வருகிறது? கடையில் வாங்குகிறாயா, நீயே வெடிமருந்து அடைக்கிறாயா? உதை குறைய வேண்டும் என்று நீ பிடிவாதமாக இருப்பதைப் பார்த்தால் அரை மருந்துத் தோட்டா செய்யப்போகிறாய் என்று தோன்றுகிறது. அப்படியானால் நான் சொல்வதைக் கேள்.

என் அப்பா வருஷம் முழுக்கத் தோட்டா செய்தவர். ஆனால் அரை மருந்து மட்டும் போடவே மாட்டார். முழு மருந்து போட்டால் தோட்டாக் கூடு கழுத்து வரை நிரம்பிவிடும். தெரியாமல் இரண்டாவது தடவை ஊற்றினால் மேஜையில் கொட்டும், கண்ணுக்குத் தெரியும். அரை மருந்துக்குப் போடுவது வேகமாக எரியும் வேறு தூள், அதில் அது தெரியாது. இரண்டு தடவை ஊற்றினாலும் கூட்டுக்குள் அடங்கிப்போகும். மேலே குண்டை வைத்து அழுத்திவிட்டால் மற்ற தோட்டாக்களுக்கும் அதற்கும் வித்தியாசமே இருக்காது. சுடும்போது துப்பாக்கியே வெடித்துச் சிதறினால்தான் தெரியும். அப்போது அந்த இரும்பு இருப்பது பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில்.

ஊற்றினோமா இல்லையா என்று ஒரு நிமிஷம் மறந்தால் போதும், ஆரன். கடைத் தோட்டாவே வாங்கு. கொஞ்சம் உதைக்கட்டும், பரவாயில்லை.

மேவிஸ்


லார்ச் கிரீக்
4 ஆகஸ்ட் 1974

மேவிஸ்,

உன் அப்பாவுக்கு முன்பே என் அப்பா தோட்டா செய்தவர். எனக்கு எட்டு வயதிலிருந்து இந்த வேலை தெரியும். காலிக் கூடுகளை வாய் கீழாகக் கவிழ்த்து வைப்பேன். ஒன்றை நிமிர்த்தி மருந்து ஊற்றினால், அதைக் கீழே வைக்காமல் அப்போதே குண்டை வைத்து அழுத்திவிடுவேன். அந்த நேரத்தில் ரேடியோ கிடையாது, பேச்சு கிடையாது. வீடு பற்றி எரிந்தாலும் அந்த ஒரு தோட்டாவை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இதைச் செய்வது என் தலை இல்லை, என் கை. கைக்கு அடிபடவில்லை.

கடிதத்தில் ஒரு வரி தப்பாக எழுதியதற்கு இத்தனை பேச்சா? உன் கடிதம் லாரிக் கணக்குத் தாள்களுக்குள் போய்விட்டது, தேடி எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். டாக்டர் என்னிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார், சொன்னேன். இந்த நாட்டு ஜனாதிபதி யார் என்று கேட்டார், பதவி நிற்குமோ போகுமோ என்று அவரே தவிக்கிற இந்த வாரம் அதை யாரால் உறுதியாகச் சொல்ல முடியும் என்றேன். சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார்.

வருஷத்தில் ஐம்பத்தொரு வாரம் அவள் உன்னோடு இருக்கிறாள். நான் கேட்கிறேனா? ஒரு வாரம்தான் எனக்கு. அந்த ஒரு வாரத்தில் என் மகள் முதல் தடவை விசையை இழுக்கும்போது அவளுக்கு வலிக்கக்கூடாது, பயப்படக்கூடாது. அவ்வளவுதான் என் ஆசை. அதற்கும் வக்கீல் வைக்கப்போகிறாயா?

ஆரன்


ஸ்போகேன்
15 செப்டம்பர் 1974

ஆரனுக்கு,

உடனே பதில் எழுதியிருந்தால் சண்டையாகியிருக்கும். அதனால் கோபம் தணியட்டும் என்று காத்திருந்தேன்.

வக்கீலிடம் போனேன், உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் இந்த வருஷம் அவளை அனுப்ப வேண்டியதில்லை என்றார். வீட்டுக்கு வந்து டாக்னியிடம் மெல்ல ஆரம்பித்தேன். "அப்பாவுக்கு இன்னும் உடம்பு சரியாகலை கண்ணு, இந்த வருஷம் வேணாமே." அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். "அடிபட்டதுக்கு அப்புறம் எல்லாரும் அப்பாவைக் கேலிதான் பண்றாங்க. நானும் போகலேன்னா அவருக்கு யாரும்மா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். யார் சொல்லிக் கொடுத்ததோ தெரியவில்லை.

வக்கீல் காகிதம் மேஜையிலேயே கிடக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை.

அனுப்புகிறேன். அக்டோபர் பத்தொன்பதாம் தேதி பஸ்ஸில் வருவாள். ஆனால் வேட்டைக்குப் போகும்போதெல்லாம் ஹார்லனும் கூட வர வேண்டும். அவள் சுடுவதற்கு முன் நீ அந்தத் தோட்டாக்களில் சிலவற்றைச் சரளைக் குழியில் சுட்டுப் பார்க்க வேண்டும். தோட்டா செய்யும்போது உனக்குத் துளி சந்தேகம் வந்தாலும் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுக் கடையில் வாங்க வேண்டும். சத்தியம் செய்து எழுது.

எனக்கு இப்போதெல்லாம் உருளைக்கிழங்கு மசிக்கும்போதே கை நின்றுவிடுகிறது. உன்னை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. நான் பயந்துபோயிருக்கிறேன், அவ்வளவுதான்.

மேவிஸ்


லார்ச் கிரீக்
24 செப்டம்பர் 1974

அன்புள்ள மேவிஸ்,

சத்தியம். மூன்றுக்கும் சத்தியம்.

முதல் தொகுதித் தோட்டாக்களை ஹார்லனும் நானும் சரளைக் குழிக்குக் கொண்டுபோய்ச் சுட்டோம். தோளில் யாரோ தட்டிக் கூப்பிடுவது போல அத்தனை மென்மையான உதை. எல்லாம் தகரத் தட்டில் ஒரே இடத்தில் விழுந்தன. "இது டாக்னிக்கா, இல்ல பொம்மைக்கா?" என்று ஹார்லன் கேட்டான். ஆனால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனமே வரவில்லை.

அவள் வருவதற்குள் இன்னொரு தொகுதி செய்து வைக்க வேண்டும். அவள் அறையில் குளிர் காய அடுப்பு மாட்டிவிட்டேன். மலையுச்சியில் நேற்று முதல் பனி விழுந்தது. மான்கள் கீழே இறங்க ஆரம்பித்துவிட்டன.

நீ அனுப்புகிறேன் என்று எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நன்றி, மேவிஸ்.

ஆரன்


லார்ச் கிரீக்
13 அக்டோபர் 1974

மேவிஸ்,

இந்தக் கடிதத்தை ஹார்லன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபால் உன்னிடம் நேரத்துக்கு வருமோ வராதோ, அவன் இன்றே கிளம்புகிறான். துப்பாக்கியும் அவனிடம் இருக்கிறது. முதலில் இதைப் படி, பிறகு அதை வாங்கு.

டாக்னியை அனுப்பாதே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டாவது தொகுதியைச் செய்தேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். காலிக் கூடுகள் கவிழ்ந்தபடி இருந்தன. ஒன்றை நிமிர்த்தினேன், ஊற்றினேன், குண்டை அழுத்தினேன். கடைசிக் கூடு முடியும் வரை எழுந்திருக்கவில்லை, யாரும் வரவில்லை. எனக்கு அப்படித்தான் ஞாபகம். பைபிள் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

நேற்றுக் காலை பாத்திரம் கழுவப் போனால் தொட்டியில் இரண்டு காப்பிக் கோப்பைகள். ஒன்றில் சிகரெட் சாம்பல். நான் சிகரெட் பிடிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். நேரே ஹார்லன் வீட்டுக்கு நடந்தேன்.

"நேத்து நீ என் வீட்டுக்கு வந்தியா?"

"என்னய்யா கேள்வி இது? ஒரு மணி நேரம் உக்காந்து பேசினோமே."

"எப்போ?"

"மத்தியானம். நீ தோட்டாவுக்கு மருந்து ஊத்திக்கிட்டு இருந்தே. நான் தலைய நீட்டினதும் கையில இருந்ததை அப்படியே வெச்சிட்டு எழுந்து வந்து காப்பி போட்டே. என் மச்சான் டிராக்டரை ஏரியில எறக்கின கதைய சொன்னேன், நீ வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சே. ஏன்டா, விளையாடுறியா?"

நான் விளையாடவில்லை என்பது என் முகத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த டிராக்டர் கதையை மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னான். புதுக்கதை மாதிரி இருந்தது. சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாத் தோட்டாக்களையும் பிரித்தேன். ஒவ்வொன்றாகக் குண்டை உருவி, மருந்தை ஒரு தட்டில் தனித்தனிக் குவியலாகக் கொட்டினேன். எல்லாம் ஒரே அளவு. பாதி தாண்டியதும் எனக்கே சிரிப்பு வந்தது, மேவிஸ் என்னைக் கோழையாக்கிவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் ஒன்றைக் கொட்டினேன். கொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு மடங்கு. தராசில் வைக்கவே தேவையில்லை.

மறந்துவிட்டேன் என்று தெரிந்திருந்தால் நான் இத்தனை பயப்படமாட்டேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை. துளி சந்தேகம் வந்தால் தூக்கி எறி என்று நீ எழுதியிருந்தாய், நானும் சத்தியம் செய்தேன். அந்த ஒரு துளிகூட வரவில்லை. ஹார்லன் சாம்பலை ஜன்னலுக்கு வெளியே தட்டியிருந்தால் இன்று அந்தத் தோட்டா பெட்டியில் இருக்கும். அவள் அதை எத்தனையாவதாக எடுத்திருப்பாள் என்று நீ யோசிக்காதே, நான் யோசித்துப் பார்த்தாகிவிட்டது. அவள் இடது தோளுக்குப் பின்னால் நான் நின்றிருப்பேன். 'கன்னத்தைக் கட்டையில நல்லா ஒட்டிக்கோ கண்ணு' என்று நானே சொல்லியிருப்பேன்.

இன்னும் உண்மை வேண்டுமானால் இதையும் கேள். ஆகஸ்டில் முகாமிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் லாரியை ஓரம்கட்டி உட்கார்ந்திருந்தேன். ஹார்லன் வந்துதான் கூட்டிப்போனான். யாரிடமும் சொல்லாதே என்று அவனிடம் கெஞ்சினேன். டாக்டரிடம் உன் கடிதங்களைக் காட்டவே இல்லை. அவள் வரும் வாரத்தைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்தேன். அந்த ஒரு வாரத்துக்காக அவளையே...

மருந்தையெல்லாம் தோட்டத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டேன். என் துப்பாக்கிகள் ஹார்லன் அலமாரியில் இருக்கின்றன, சாவியை என்னிடம் தர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

டாக்னியின் துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. அதைச் செய்தபோது என் கை சரியாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். இருந்தாலும் நீ அங்கே ஒரு துப்பாக்கிக்காரரிடம் கொடுத்து முழுக்கச் சோதித்த பிறகே அவளிடம் கொடு. என் நினைப்பை நம்பாதே. தோட்டாவைக் கடையிலேயே வாங்கு. கோட்டுக்குள் தோளில் ஒரு துண்டை மடித்து வை, உதை தெரியாது. நீயே அவளைக் கூட்டிப்போ, மேவிஸ். நீ என்னைவிட நன்றாகச் சுடுபவள். இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட நான் இதை ஒப்புக்கொண்டதில்லை.

அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லாதே. நடந்ததைச் சொல். என் மேல் கோபப்படட்டும்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். பத்தொன்பதாம் தேதி நான் பஸ் நிலையத்தில் போய் நின்றாலும் நிற்பேன். ஹார்லன் வீட்டிலிருந்து உனக்குப் போன் போட்டு, என் பிள்ளையை ஏன் இன்னும் ஏற்றி அனுப்பவில்லை என்று கத்துவேன். டாக்டர் சரியாகிவிட்டது என்றார், தோட்டாக்களைச் சோதித்துவிட்டேன் என்றெல்லாம் அடித்துச் சொல்வேன். பொய் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. அழுதாலும் அழுவேன். நான் என்ன சொன்னாலும் அவளை அனுப்பாதே.

ஆரன்